உள்ளே போகணுமா, மேலே நிற்கணுமா? கண் மருந்தில் எந்த வகை யாருக்கு

பினாங்கில் ஒரு ஃபார்மசியின் கவுன்டருக்குப் பின்னால் பல வருஷமாக நிற்கிறேன். கண் மருந்து வாங்க வருபவர்கள் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். டாக்டர் ஒரு மருந்தைச் சொல்லியிருப்பார். கடையில் அது பாட்டிலில் இருக்கும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குட்டிக் குப்பியில் இருக்கும், சிலது ஜெல்லாகவும் களிம்பாகவும் இருக்கும். விலையும் வேறு வேறு. “எல்லாம் ஒரே மருந்துதானே, எதை எடுக்கட்டும்?” என்று கேட்பார்கள்.

அண்மையில் இப்படிக் கேட்ட மூன்று பேரை வைத்தே எழுதுகிறேன். முதலாமவர் பட்டர்வொர்த்தில் இருக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா. கிளௌக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு ஆறு வருஷமாக ராத்திரி ஒரு சொட்டு விடுகிறார். இப்போது கண் எரிகிறது. அடுத்தவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஏர்கோனுக்குள் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் தங்கச்சி. கண் வறட்சி, போதாக்குறைக்குக் காண்டாக்ட் லென்ஸ். மூன்றாவது, ஜெலுத்தோங்கில் அம்மாவுக்குக் கண் புரை அறுவை முடிந்து மூன்று மருந்தோடு வீட்டுக்கு வந்த ஓர் அக்கா.

மூவருக்கும் பதில் வேறு. காரணம் மருந்தின் பெயரில் இல்லை. அந்த மருந்து கண்ணின் முன்னால் உள்ள கார்னியா என்ற படலத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டுமா, அல்லது அதன் மேலேயே நின்று வேலை செய்ய வேண்டுமா என்பதில் இருக்கிறது.

## தேர்வுக்கு முன்: அந்த அரை மில்லிமீட்டர்

கார்னியா என்பது கருவிழியின் மேல் கடிகாரக் கண்ணாடி மாதிரி கவிந்திருக்கும் தெளிந்த படலம். நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பார்க்க ஒரே தகடு போலத் தெரிந்தாலும், மருந்துக்கு அது மூன்று வாசல்.

மேல் வாசலில் ஐந்து முதல் ஏழு வரிசை செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இடுக்குகூடத் தைத்து மூடியதுபோல இருக்கும். செல்லின் சுவர் கொழுப்பால் ஆனது. எனவே கொழுப்போடு கலக்கும் மருந்து நுழைந்துவிடும். தண்ணீரில் மட்டும் கரையும் மருந்து வெளியே நிற்கும். அதைத் தாண்டினால் ஸ்ட்ரோமா. கார்னியாவின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். கொலாஜன் இழைகளும் நிறையத் தண்ணீரும் உள்ள இடம், அதனால் இங்கே சட்டம் தலைகீழ்: தண்ணீரோடு சேரும் மருந்துதான் தாராளமாக நகரும். கடைசியில் ஒற்றை வரிசைச் செல்கள். மறுபடியும் கொழுப்புச் சுவர்தான், ஆனால் மேல் வாசல் அளவுக்குக் கெடுபிடி இல்லை.

ஆக, உள்ளே போகும் மருந்துக்கு எண்ணெய்க் குணமும் வேண்டும், தண்ணீர்க் குணமும் வேண்டும். மேல் வாசல் எவ்வளவு கறார் என்பதைக் கண் டாக்டரிடம் போனவர்கள் நேரிலேயே அனுபவித்திருப்பார்கள். ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றைக் கண்ணோரம் தொட்டுவிட்டு, நீல விளக்கில் பார்ப்பார் இல்லையா? அந்தச் சாயம் ஃப்ளோரசீன், தண்ணீரில் கரைவது. நல்ல கார்னியாவின் மேல் அது வழிந்து போய்விடும். எங்கே கீறலோ புண்ணோ இருக்கிறதோ அங்கே மட்டும் பிடித்துக்கொண்டு பச்சையாக ஒளிரும்.

அடுத்தது அளவுக் கணக்கு. ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர். நம் கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் 7 முதல் 10 வரைதான். இமைக்காமல் இருந்தால்கூடக் கண் தாங்குவது சுமார் 30. மீதி கன்னத்தில் வழியும், அல்லது மூக்கோரத்தில் உள்ள கண்ணீர்த் துளை வழியாக மூக்குக்குள் இறங்கும். மருந்து விட்டு இரண்டு நிமிஷத்தில் தொண்டை கசக்கிறது என்று பலர் சொல்வார்கள்; கசப்பது அந்தக் கண் மருந்துதான். விட்டதில் கண்ணுக்குள் போய்ச் சேருவது பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவு.

இதை மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வகையையும் நான் இப்படித்தான் எடை போடுவேன்: மருந்து உள்ளே போகிறதா, கண்ணில் எவ்வளவு நேரம் தங்குகிறது, கார்னியாவின் மேல்பரப்பைக் கெடுக்கிறதா, உடம்புக்குள் எவ்வளவு கசிகிறது, விட்டபின் பார்வை மங்குமா, கடைசியாக, கையும் பணமும் குளிர்பெட்டியும் அதற்கு ஒத்துழைக்குமா.

## சாதாரண பாட்டில்

பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது இதுதான். மருந்து முழுசாகக் கரைந்த தெளிந்த நீர். பாட்டிலைத் திறந்தபின் கிருமி வளராமல் இருக்க பிரசர்வேட்டிவ் ஒன்றைக் கலந்திருப்பார்கள். அதிகம் பயன்படுவது பென்சல்கோனியம் குளோரைடு.

உள்ளே போவதில் இதைக் குறைத்துப் பேச முடியாது. கிளௌக்கோமாவுக்குக் கொடுக்கும் லாட்டனோப்ராஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூல மருந்து அமிலம். அப்படியே விட்டால் மேல் வாசலில் சுலபமாக நுழையாது. அதனால் அதற்கு ஒரு கொழுப்புச் சட்டையைப் போட்டு அனுப்புகிறார்கள். கார்னியாவுக்குள் வந்ததும் அங்கே இருக்கும் என்சைம்கள் அந்தச் சட்டையை வெட்டிவிட, அமிலம் வெளிப்பட்டு உள்ளே இறங்குகிறது. கார்னியாவே ஒரு கிட்டங்கி மாதிரி மருந்தை வைத்திருந்து மெதுவாக விடுவதால், கண்ணின் உள்நீரில் அது உச்சத்துக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும். அழுத்தம் நன்றாக இறங்க 8 முதல் 12 மணி நேரம். ஒரு நாளுக்கு ஒரு சொட்டு போதும் என்பது இதனால்தான். “எரியவும் இல்லை, ஒன்றும் தெரியவும் இல்லை, வேலை செய்கிறதா?” என்று நினைத்து இன்னொரு சொட்டு விடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு பிரசர்வேட்டிவில் இருக்கிறது. பென்சல்கோனியம் ஒருவகைச் சோப்புத் தன்மை உள்ளது. கிருமியின் சுவரை உடைப்பதுபோல, மேல் வாசலின் தையலையும் கொஞ்சம் தளர்த்தும். இதனால் சில மருந்துகள் கூடுதலாக உள்ளே போவதும் உண்டு, அது உண்மை. ஆனால் வருஷக்கணக்கில் தினமும் விடும்போது மேல்பரப்பு தேய்ந்து, கண்ணீர்ப் படலம் கலைந்து, எரிச்சல், மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல் என்று வரும். இரண்டு மூன்று மருந்து விடுபவர்களுக்குச் சுமையும் இரண்டு மூன்று மடங்கு. மென்மையான காண்டாக்ட் லென்ஸ் இதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸைக் கழற்றிவிட்டு மருந்து விட்டு, 15 நிமிஷம் கழித்துத்தான் திரும்பப் போட வேண்டும்.

இன்னொரு செலவு கையில். பட்டர்வொர்த் ஐயாவிடம், “எப்படி விடுவீங்கன்னு ஒருதரம் காட்டுங்க ஐயா” என்று கவுன்டரிலேயே கேட்டேன். தலையை அண்ணாந்தார். ஒரு சொட்டு இமை முடியில் பட்டுத் தெறித்தது. அடுத்தது கண்ணில் விழுந்தது. உறுதிக்கு இன்னொன்று. உடனே கண்ணைப் படபடவென்று ஏழெட்டு முறை கொட்டி, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். 2.5 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொன்று என்றால் 40 நாள் வரும். அவர் கையில் அது இரண்டு வாரத்தில் தீர்ந்துகொண்டிருந்தது. சேர வேண்டியதும் சேரவில்லை.

கீழிமையை இழுத்துப் பை மாதிரி செய்து அதில் ஒரே சொட்டு. பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இறுக்கி மூடவும் கூடாது, கொட்டவும் கூடாது. கிளௌக்கோமாவுக்கே தரும் டிமோலால் போன்ற மருந்துக்கு இது வெறும் சிக்கனம் இல்லை. மூக்குச் சவ்வு வழியாக அது நேராக ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலை வரவழைக்கும். மருந்து விடுபவருக்கு ஆஸ்துமா இருந்தால் கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். திறக்காத லாட்டனோப்ராஸ்ட் பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று பெட்டியில் இருக்கும். பினாங்கில் மதியம் வீட்டுக்குள்ளேயே 30 தாண்டும். ஆகவே ஏர்கோன் இல்லாத வீட்டில் திறந்த பாட்டிலும் குளிர்பெட்டிக் கதவில்தான். மோட்டார் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிய மருந்தை நம்பாதீர்கள். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். பெரும்பாலான பாட்டில்களுக்கு நான்கு வாரம்தான் கெடு.

எப்போது இதுவே போதும்? ஒரே மருந்து, நாளுக்கு ஓரிரு வேளை, கண் மேல்பரப்பு ஆரோக்கியம். அல்லது ஒரு வாரம் இரண்டு வாரத்தில் முடியும் சிகிச்சை. அரசாங்க மருத்துவமனையில் சிறப்பு கிளினிக் கட்டணமான 5 வெள்ளிக்குள்ளேயே இது கைக்கு வந்துவிடும்போது, தேவையில்லாமல் கூடுதல் காசு போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

## பிரசர்வேட்டிவ் இல்லாத ஒற்றைக் குப்பி

தலையைத் திருகி, விட்டு, எறிந்துவிடும் குட்டிக் குப்பி. கிருமி வளர நேரமே இல்லாததால் பிரசர்வேட்டிவ் தேவையில்லை.

“பிரசர்வேட்டிவ் இல்லாவிட்டால் மருந்து சரியாக உள்ளே போகாதோ?” என்ற பயம் பலருக்கு உண்டு. லாட்டனோப்ராஸ்ட், டாஃப்ளுப்ராஸ்ட் போன்றவை தங்கள் கொழுப்புச் சட்டையின் பலத்தில்தான் நுழைகின்றன. கண் அழுத்தத்தைக் குறைப்பதில் பிரசர்வேட்டிவ் இல்லாதவை பின்தங்குவதில்லை. மேல்பரப்பு மட்டும் நிம்மதியாக இருக்கும்.

செலவு வெளிப்படையானது. கூடவே ஒரு கணக்கும் போடுங்கள். ராத்திரி ஒரு வேளை என்றால் மாதம் 30 குப்பி. கண் வறட்சிக்கு நாளுக்கு நான்கு வேளை என்றால் 120. பெட்டி விலையைப் பார்க்காதீர்கள், மாத விலையைப் பாருங்கள். குப்பிக்குள் ஒரு வேளைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருக்கும். அதைப் பார்த்து மனசு கேட்காமல் மூடிவைத்து நாளைக்கும் விடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம், காக்க அதில் ஒன்றும் கலக்கவில்லை. விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அந்தச் சின்னத் தலையைத் திருகுவதே பெரும்பாடு. உள்ளே வடிகட்டியோ வால்வோ வைத்த, பிரசர்வேட்டிவ் இல்லாத பெரிய பாட்டில்களும் வருகின்றன. அவற்றைக் கொஞ்சம் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். வாங்கும் முன் யாருக்கு வாங்குகிறீர்களோ அவரையே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் விடுபவர், இரண்டு மூன்று கிளௌக்கோமா மருந்து ஒன்றாக விடுபவர், ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர், காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்: இவர்களுக்கு இந்தக் காசு வீண் இல்லை.

## குலுக்கி விடும் பாட்டில்

தண்ணீரில் நன்றாகக் கரையாத மருந்தை மெல்லிய துகளாக அரைத்து மிதக்க விட்டிருப்பார்கள். சஸ்பென்ஷன் என்பார்கள். கரையாதது ஒரு குறை மாதிரி தோன்றும். மேல் வாசலைப் பொறுத்தவரை அதுதான் பலம்: கொழுப்புக் குணம் உள்ளதால்தான் அது தண்ணீரில் கரைய மறுக்கிறது. புரை அறுவைக்குப் பின் வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசலோன் அசிடேட் 1 சதவீதம் இப்படிப்பட்டது. அதே ப்ரெட்னிசலோனின் தண்ணீரில் கரையும் வடிவமான ஃபாஸ்ஃபேட்டைவிட, காயமில்லாத கார்னியாவுக்குள் அசிடேட் நன்றாகப் போகும்.

கிளௌக்கோமாவில் ஓர் அழகான ஜோடி இருக்கிறது. டார்சோலமைடு கரைசலாக வருகிறது. கரைந்து நிற்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் அமிலத் தன்மையோடு வைத்திருக்கிறார்கள், அதனால் எரியும். எரிந்தால் கண்ணீர் வரும், கண்ணீர் வந்தால் மருந்து கழுவிக்கொண்டு போகும். பிரின்சோலமைடு அதே குடும்பம், ஆனால் சஸ்பென்ஷன். கண்ணீரின் அளவுக்கே அதன் அமில காரத் தன்மை நெருக்கமாக இருப்பதால் எரிச்சல் குறைவு. பதிலுக்குச் சில நிமிஷம் பார்வை பால் ஊற்றியதுபோல மங்கும். விட்டுவிட்டு உடனே கார் ஓட்டுபவருக்கு ஒன்று ஒத்துவரும், எரிச்சல் தாங்காதவருக்கு மற்றது. டாக்டரிடம் உங்கள் அன்றாடத்தைச் சொன்னால்தான் அவரால் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

இதில் மறைந்திருக்கும் செலவு சோம்பல்தான். குலுக்காமல் விட்டால் முதல் வாரம் தெளிந்த நீர் போகும், கடைசி வாரம் அடிவண்டல் போகும். ஸ்டீராய்டு சேர்ந்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடுங்கள். அடுத்த தடவை கண் சிவந்ததும் அதை எடுத்து விட்டுக்கொண்டு, ஹெர்பீஸ் கிருமியால் வந்த கார்னியாப் புண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தமும் ஏறும்.

## ஜெல்

கார்னியா மெதுவாகத்தான் வாங்கும், கண்ணீர் வேகமாகத்தான் கழுவும். இந்தப் போட்டியில் ஜெல் நேரம் வாங்கிக் கொடுக்கிறது. டிமோலாலில் ஒரு வகை பாட்டிலில் திரவமாகவே இருக்கும். கண்ணீரில் உள்ள உப்பைத் தொட்டதும் கெட்டியாகிவிடும். சாதாரண டிமோலால் இரண்டு வேளை என்றால் இது ஒரு வேளை. ஆஸ்துமா எச்சரிக்கை இதற்கும் அப்படியே பொருந்தும்.

கண் வறட்சிக்கான ஜெல்லின் கதை வேறு. அது உள்ளே போக வேண்டியதே இல்லை, மேலே நின்றால் போதும். எனவே அங்கே கார்னியாவைக் கடக்கும் பேச்சை விட்டுவிட்டு இரண்டை மட்டும் பாருங்கள்: எவ்வளவு நேரம் நிற்கிறது, பிரசர்வேட்டிவ் இருக்கிறதா. பார்வை கொஞ்ச நேரம் கலங்கும் என்பதால் பகல் வேலைக்கு நடுவே சங்கடம்.

## களிம்பு

வாஸ்லின் போன்ற எண்ணெய்ப் பசையில் மருந்து. எல்லாவற்றையும்விட அதிக நேரம் தங்கும், எல்லாவற்றையும்விட அதிகமாகப் பார்வையை மறைக்கும். ராத்திரிக்கு, தூங்கும்போது கண் சரியாக மூடாதவருக்கு, அழுதே சொட்டு மருந்தைக் கழுவிவிடும் கைக்குழந்தைக்கு. கீழிமைக்குள் அரிசி நீளத்துக்கு வைத்தால் போதும்.

## ஒரே பார்வையில்

| வகை | கண்ணில் தங்குவது | பார்வை மங்கல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| சாதாரண பாட்டில் | சில நிமிஷம் | இல்லை | பிரசர்வேட்டிவ், வீணாகும் சொட்டு |
| ஒற்றைக் குப்பி | சில நிமிஷம் | இல்லை | மாத விலை, திருக விரல் பலம் |
| குலுக்கும் பாட்டில் | கொஞ்சம் கூடுதல் | சில நிமிஷம் | குலுக்க மறந்தால் அளவு மாறும் |
| ஜெல் | அதிகம் | கொஞ்ச நேரம் | பகல் வேலைக்கு இடைஞ்சல் |
| களிம்பு | மிக அதிகம் | நிறைய | பின்னால் விடும் சொட்டை மறித்துவிடும் |

## அந்த மூன்று பேருக்கு

ஐயாவிடம் உடனே ஒற்றைக் குப்பிக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. கண் சிவந்தால் அது அவர் விடும் லாட்டனோப்ராஸ்ட்டின் சொந்தக் குணமாகவும் இருக்கலாம். பிரசர்வேட்டிவை எடுத்தாலும் அது போகாது. எரிச்சலும் உறுத்தலும்தான் மேல்பரப்பு கெட்டதைக் காட்டுபவை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் கண் கிளினிக்குக்குப் போய், சாயம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அதுவரை மருந்தை நிறுத்தவே கூடாது, கிளௌக்கோமாவில் போன பார்வை திரும்பாது. சாயத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிரசர்வேட்டிவ் இல்லாததற்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஒரே சொட்டை ஒழுங்காக விடக் கற்றுக்கொண்டால் வீணாகும் மருந்தாவது மிஞ்சும். கன்னத்தில் வழிவதை அப்போதே துடைத்துவிடச் சொன்னேன், இமைத்தோல் கறுக்காமல் இருக்கும்.

தொழிற்சாலைத் தங்கச்சிக்கு யோசிக்க ஒன்றுமில்லை. ஷிஃப்டில் நான்கைந்து வேளை விடுகிறார், லென்ஸும் போடுகிறார். பகலுக்கு பிரசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்க் குப்பி, ராத்திரி லென்ஸைக் கழற்றியபின் ஜெல். வலியோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமோ வந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அதைக் கடையில் தீர்க்க முடியாது.

ஜெலுத்தோங் அக்காவுக்குத் தேர்வு ஏற்கெனவே டாக்டர் செய்தது, திணறல் வரிசையில்தான். ஒரு சொட்டை அடுத்த சொட்டு கழுவிவிடும் என்பதால் நடுவே ஐந்து நிமிஷம் வேண்டும். தெளிந்த சொட்டு முதலில், குலுக்கும் பாட்டில் அடுத்து, களிம்பு இருந்தால் எப்போதும் கடைசி. மூன்று மருந்திலும் ஸ்டிக்கர் மலாயில்தான் இருந்தது. மாத்தா கானான், மாத்தா கிரி என்பதன் மேல் நான் தமிழில் ‘வலது’, ‘இடது’ என்றும் 1, 2, 3 என்றும் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தை அம்மா எப்படிக் கணக்கு வைப்பார் என்று அவருக்குக் கவலை. கடிகார முள் அம்மாவுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. மறுவாரம் வந்தபோது சொன்னார்: அம்மா மின்னல் எஃப்எம் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டு முழுசாக முடிந்தபிறகுதான் அடுத்த பாட்டிலைக் கேட்கிறாராம்.